ஒரு கமா... எத்தனை சேலை?

'ரெட் கிரீன் ப்ளூ சாரீஸ் நீடட்.'

வாட்ஸ்அப்பில் இப்படி ஓர் ஆர்டர் வந்தால் என்ன புரிந்துகொள்வீர்கள்? மூன்று நிறத்தில் மூன்று சேலைகளா? அல்லது சிவப்பு உடலுக்குப் பச்சை பார்டர் போட்டது ஒன்று, நீலம் ஒன்று என இரண்டா? உடலும் பார்டரும் வெவ்வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்குப் பெயர்போன காஞ்சிபுரம், தென்னேரி வட்டாரத்தில் இந்தச் சந்தேகம் நியாயமானதே. தவறாகப் புரிந்துகொண்டால் வீணாவது பல நாள் தறி உழைப்பு!

'ரெட், கிரீன் அண்ட் ப்ளூ' என்றால் மூன்று. 'ரெட் வித் கிரீன் பார்டர், அண்ட் ப்ளூ' என்றால் இரண்டு. குழப்பம் தீர்ந்தது.

நாம் ஏன் கோட்டை விடுகிறோம்?

தமிழில் குறிகளின் வேலையை விகுதிகளே பார்த்துவிடுகின்றன. 'அண்ணனும் தம்பியும்' என்பதில் 'உம்' பிரித்துக் காட்டுகிறது. 'வந்தானா' என்பதில் 'ஆ' கேள்வியைச் சொல்லிவிடுகிறது. 'வருவேன் என்று சொன்னான்' என்பதில் 'என்று' மேற்கோள் குறியாக நிற்கிறது. அதனால்தான் உத்திரமேரூரில் குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்லும் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கமாவும் கேள்விக்குறியும் இல்லாமலே விஷயத்தைச் சொல்கின்றன.

ஆங்கிலத்தில் இந்த விகுதிகள் கிடையாது. அங்கே குறிகள் அலங்காரம் அல்ல. அர்த்தத்தின் ஒரு பகுதி.

நீதிமன்றம் வரை போன கமா

மருந்துகள் மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டத்தின் 27-வது பிரிவில் 'ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் சேல்' என்று அப்போது ஒரு தொடர் இருந்தது. மருந்தைக் கையில் வைத்திருப்பதே குற்றமா, விற்பதற்காக வைத்திருந்தால்தான் குற்றமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1979-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்புகளில் வெளியான அந்தத் தீர்ப்பில், 'ஸ்டாக்ஸ்' என்ற சொல்லுக்குப் பின் கமா இல்லாததை நீதிபதிகள் கவனித்தார்கள். எனவே 'ஃபார் சேல்' என்பது இரண்டு சொற்களுக்கும் பொருந்தும். வெறுமனே வைத்திருந்தால் போதாது, விற்பனை நோக்கம் இருக்க வேண்டும் என்றார்கள். ஒருவருக்குத் தண்டனையா, விடுதலையா என்பதில் இல்லாத கமாவும் சாட்சி சொன்னது!

இதை மட்டும் மறக்காதீர்கள்

* கமா, முற்றுப்புள்ளி, கேள்விக்குறிக்கு முன் இடம் விடக் கூடாது. பின்னால் விட வேண்டும்.

* கேள்விக்குறி நேரடிக் கேள்விக்கு மட்டும். 'ஹீ ஆஸ்க்டு வேர் ஐ லிவ்' என்பது செய்தி, முற்றுப்புள்ளி போதும்.

* 'இட் இஸ்' என்பதன் சுருக்கமானால் 'இட்'ஸ்'. 'அதனுடைய' என்றால் மேற்குறி இல்லாத 'இட்ஸ்'.

* பன்மைக்கு மேற்குறி வேண்டாம். பெயர்ப் பலகையில் 'சாரீ'ஸ்' என்று எழுதுவது தவறு, 'சாரீஸ்' சரி.

* மூன்று ஆச்சரியக்குறி, ஐந்து கேள்விக்குறி அவசரத்தைக் காட்டாது, கோபமாகத்தான் தெரியும். ஒன்று போதும்.

கடைசியாக ஒன்று. 'வீவர்'ஸ் சொசைட்டி' என்று எஸ்ஸுக்கு முன் மேற்குறி போட்டால், அது ஒரே ஒரு நெசவாளருடைய சங்கம். 'வீவர்ஸ்' சொசைட்டி' என்று எஸ்ஸுக்குப் பின் போட்டால், நெசவாளர்கள் எல்லோருடைய சங்கம். கூட்டுறவு என்பதன் அர்த்தமே அந்தச் சின்னக் குறி எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது. அடுத்த முறை 'சென்ட்' பொத்தானைத் தொடும் முன், ஒரு நொடி குறிகளையும் பாருங்கள்.