தனுஷ்கோடி பூநாரை சரணாலயம்

தனுஷ்கோடி பூநாரை சரணாலயம் என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் தீவின் தென்கிழக்குக் கோடியில் அமைந்துள்ள பறவைகள் சரணாலயம் ஆகும். மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகத்திற்கு உட்பட்ட சுமார் 525 எக்டேர் பரப்பை, 2025 சூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு சரணாலயமாக அறிவித்தது.

வடக்கே பாக் நீரிணைக்கும் தெற்கே மன்னார் வளைகுடாவுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டாக நீளும் இப்பகுதி, பார்வைக்குப் பாலைவனம் போன்றது. 1964 திசம்பர் புயலில் தனுஷ்கோடி நகரம் அழிந்தபின் இங்கு மீனவக் குடும்பங்கள் சில மட்டுமே வாழ்கின்றன. மணல்மேடுகளுக்கு இடையே கடல்நீரும் வடகிழக்குப் பருவமழை நீரும் தேங்கி ஆழமற்ற காயல்கள் உருவாகின்றன. மனிதருக்குப் பயன்படாத இந்த உப்புநீர்தான் பறவைகளுக்கு விருந்து.

குளிர்காலத்தில் வரும் பெரும் பூநாரைகள் இங்கு முதன்மையானவை. (செங்கால் நாரை என்பது வேறு பறவை, பெயரால் குழம்புவோர் உண்டு.) பூநாரை காலால் சேற்றைக் கிளறி, தலையைக் கவிழ்த்து அலகை நீரில் அமிழ்த்தும். நாக்கு நீரை உள்ளிழுத்து வெளித்தள்ள, அலகின் ஓரத்திலுள்ள சீப்பு போன்ற தகடுகளில் சிறு இறால்களும் பாசிகளும் சிக்கிக்கொள்ளும். அந்த உணவிலுள்ள கரோட்டினாய்டு நிறமிகளே சிறகுகளுக்கு இளஞ்சிவப்பைத் தருகின்றன. குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் பிறக்கின்றன. இந்தியாவில் இவை பெருந்திரளாகக் கூடு கட்டும் இடம் குசராத்தின் கட்ச் ராண் பகுதியாகும். பூநாரைகளுடன் உள்ளான்கள், ஆலாக்கள், கொக்குகள் ஆகியவையும் காயலில் இரை தேடுகின்றன. உள்ளான்களில் சில சைபீரியாவிலிருந்து வருபவை.

முன்பு மணலிலும் நீரிலும் ஓடக்கூடிய வேன்களில் மட்டுமே கடைசிப் பகுதியை அடைய முடிந்தது. 2017 இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் கார்களும் பேருந்துகளும் முனைவரை செல்கின்றன. சாலையில் நின்றே பறவைகளைக் காணலாம். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பூநாரையால் நின்ற இடத்திலிருந்து சட்டென எழ முடியாது. நீர்மேல் சிறிது தூரம் ஓடித்தான் பறக்கும். படம் எடுப்பதற்காக நெருங்குவோர் கூட்டத்தைக் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும், திரும்பும் பயணத்திற்கென உடலில் சேர்த்த கொழுப்பு வீணாகிறது. மேயும் நேரமும் குறைகிறது.

திசம்பர் முதல் மார்ச் வரை, காலை வேளையில் செல்வது நல்லது. காயலுக்குள் இறங்காமல் சாலையோரத்திலிருந்து இருநோக்கி வழியாகப் பார்ப்பதே போதும். பறவைகள் தலை கவிழ்த்து மேய்ந்தால் தொலைவு சரியானது. எல்லாம் ஒருசேரக் கழுத்தை நிமிர்த்தி விலகி நடந்தால், பின்வாங்க வேண்டும்.