அடுப்படிச் சாமானும் சிற்பமும்

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2017இல் நடந்த கலைச் சந்தையில் சுபோத் குப்தா ஒரு குடில் அமைத்தார். பிகாரின் ககௌல் என்ற ரயில்வே ஊரில் பிறந்தவர் அவர். குடில் முழுவதும் எங்கோ யார் யாரோ சமைத்துத் தேய்த்துக் கழித்த அலுமினியப் பாத்திரங்கள். அதற்குள் குப்தாவே சமைத்து, வந்தவர்களை உட்காரவைத்துப் பரிமாறினார். பழைய சட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டால் அது சிற்பமா, அப்படியானால் இரும்புக்கடையும் கலைக்கூடந்தானா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரும்புக்கடையில் சட்டி எடைக்கு நிற்கிறது. அந்தக் குடிலில் அது பசிக்கு நின்றது. அங்கே கொதித்த உலையை நிறுத்திவிட்டால் எஞ்சுவது ஓர் அழகான பாத்திரக் குவியல் மட்டுமே. புழங்கும் பொருளால் ஆன சிற்பத்துக்கு அதைப் புழங்கும் கை பாதி உடம்பு என்பதுதான் என் வாதம்.

இதற்கு இன்னும் வலுவான சாட்சி சீனக் கலைஞர் சொங் டொங் 2005இல் பெய்ஜிங்கில் வைத்த காட்சி. அவருடைய தாய் ட்சாவோ சியாங்யுவான், தட்டுப்பாட்டுக் காலத்தின் பயம் விடாததால், சவர்க்காரக் கட்டி, வெறும் போத்தல், பிதுக்கி முடித்த பற்பசைக் குழாய் என எதையும் எறியாமல் ஐம்பது ஆண்டுக்கு மேல் சேர்த்திருந்தார். கணவர் 2002இல் இறந்தபின் அந்தச் சேர்ப்பு வீட்டையே அடைத்தது. மகன் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் பொருட்களைக் காட்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்து, தாயையும் அழைத்துவந்தார். அவர் அங்கேயே இருந்து தரம் பிரித்தார், அடுக்கினார், பார்க்க வந்தவர்களிடம் ஒவ்வொன்றின் கதையையும் சொன்னார். துக்கத்தில் முடங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்தது. அந்த வேலைதான் சிற்பம். ஏழ்மையைக் கடைபரப்புகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இந்த வகைக் கலைமேல் எப்போதும் உண்டு, பல இடங்களில் அது உண்மையுங்கூட. ஆனால் எதை எங்கே வைப்பது என்று பொருளுக்கு உரியவரே தீர்மானிக்கும் இடத்தில் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது.

நமக்கு இது புதிதுமில்லை. மாசியில் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்துக்கு ஊன்றும் கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கரும்பு, ஆமணக்கு, வைக்கோல் என்று கைக்கு எட்டிய பொருளால் கட்டுகிறார்கள், இடத்துக்கு இடம் சற்று மாறும். தப்பு முழங்க, ரதியும் மதனும் ஆட, கடைசியில் அதையே எரிக்கிறார்கள். இது வழிபாடு, கலை என்று சொல்லிக் கொச்சைப்படுத்தக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். வழிபாடுதான், மறுக்கவில்லை. கட்டுகிறவரின் கைத்திறனைக் கலை என்று சொல்வதால் சாமிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆட்டத்தைப் படம் பிடிக்க ஆளிருக்கிறது, பாட்டை எழுதி வைக்கவும் ஆளிருக்கிறது; எரிந்துபோகும் கம்பத்தைக் கட்டியவர் யார், வைக்கோல் புரியை எப்படி முறுக்கினார் என்று கேட்பவரைத்தான் காணோம்.

மறுபக்கம், கொழுந்துக் கூடையை விடுதிக்காரர்கள் வரவேற்பறையில் பூச்சாடியாக்கி வைத்திருக்கிறார்கள். தலையில் கயிறு அழுத்திய பாரம் அதில் எங்கே இருக்கிறது? கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்து லயத்தில் தேயிலைத் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தோட்ட மக்களின் வீட்டுச் சாமான்களையும் தொழிற்கருவிகளையும் அங்கே காப்பது பெரிய காரியம். ஆனால் சாமானைக் காத்தால் பாதிதான் காத்ததாகும். கொழுந்தெடுத்து ஓய்வுபெற்ற பெண்களுக்கு உரிய கூலி கொடுத்து அழையுங்கள். படங்கை இடுப்பில் கட்டுவது எப்படி, நிறைந்த கூடையோடு சரிவில் இறங்குவது எப்படி என்று அவர்களே செய்து காட்டட்டும். கூடையை எங்கே வைப்பது என்பதையும் அவர்களே சொல்லட்டும்.