வளாகத்தில் எது முதலில்: மரக்கன்றா, குப்பையா, தண்ணீரா?

ஜூன் 5 உலக சுற்றாடல் தினம் வந்துவிட்டால் எமது கல்வி நிறுவனங்களில் ஒரே காட்சிதான். ஒரு மரக்கன்று, ஒரு மண்வெட்டி, சுற்றிப் பத்துப் பேர், முன்னால் ஒரு கமரா. அடுத்த மாதம் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்பது செய்தியில் வராது. மரம் நடுவதில் குறையொன்றுமில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் படித்து, உண்டு, உறங்கும் ஒரு பல்கலைக்கழகம் சுற்றாடலுக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதானா?

கரைத்தீவிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்கக் காரணமுண்டு. (அம்பாறையின் காரைதீவு அல்ல, வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தின் கரைத்தீவு.) 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் கொழும்புக் குப்பைக்கு இடமாக, எமது அயலிலுள்ள அருவக்காட்டில், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய நிலத்தில் குழி தயாரானது. நாளொன்றுக்கு 1,200 மெற்றிக் தொன்னை சுமார் 170 கிலோமீற்றர் தூரம் ரயிலில் கொண்டுவருவதே திட்டம். புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்று எதிர்த்தார்கள். ஆனாலும் 2019 ஆகஸ்டில் லொறிகள் வந்தன. களப்பின் மறுகரையில் நுரைச்சோலை அனல்மின் நிலையம் 900 மெகாவாற் திறனுடன் நிலக்கரியை எரிக்கிறது. கொழும்பில் ஆளில்லாத விரிவுரை மண்டபத்தில் குளிரூட்டி ஓடினால் அதன் சாம்பலில் ஒரு பங்கு எமது மாவட்டத்தில்தான் விழுகிறது. ஆகவே ஒரு பல்கலைக்கழகம் எதை வீசுகிறது, எவ்வளவு மின்சாரம் பாவிக்கிறது என்பது எமக்கு அந்நியமான விடயமல்ல.

பல்கலைக்கழகங்கள் இப்போது இதற்கெனத் தரப்படுத்தலிலும் போட்டியிடுகின்றன. இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் ஆரம்பித்த 'கிரீன் மெட்ரிக்' அவற்றில் பிரபலமானது. இலங்கைப் பல்கலைக்கழகங்களும் இதில் பங்குபற்றுகின்றன. பல வருடங்களாகப் பின்பற்றப்பட்ட அதன் புள்ளித்திட்டத்தில் சக்திக்கும் காலநிலைக்கும் 21 வீதம். கழிவு, போக்குவரத்து, கல்வி ஆகிய மூன்றுக்கும் தலா 18. வளாக அமைப்புக்கு 15. தண்ணீருக்கு வெறும் 10.

இங்குதான் நாம் நிதானிக்க வேண்டும். இந்தப் புள்ளித்திட்டம் உலகம் முழுவதுக்கும் பொதுவானது, எமது வரண்ட வலயக் கரையோரத்தைப் பார்த்து எழுதப்பட்டதல்ல. கற்பிட்டி போன்ற மணற்பாங்கான கரையோரங்களில் நன்னீர், உவர்நீருக்கு மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். ஒருமுறை உவர்ந்த கிணறு இலேசில் மீளாது. இத்தகைய நிலத்தில் ஒரு கல்வி நிறுவனம் அமைந்தால் அதன் பட்டியலில் தண்ணீர் கடைசியில் இருக்க முடியுமா? புள்ளிக்காக வேலை செய்தால் அங்கேதான் போய் நிற்கும்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக ஆரம்பித்து, மறு வருடம் முழுப் பல்கலைக்கழகமானது. கடலும் வயலும் அருகருகே உள்ள பூமி அது. அதே அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் மாண்டதாக 2022 ஜனவரியில் உலகச் செய்திகள் கூறின. அங்கே தண்ணீரும் குப்பையும் முதலிரு இடங்களில் வருவதே எனக்கு நியாயமாகப் படுகிறது. மலைச்சரிவில், மகாவலி ஓரத்தில் இருக்கும் பேராதனைக்கோ மண்ணரிப்பும் ஆற்றில் கலக்கும் கழிவுநீரும் முன்னுக்கு வரலாம். இடம் மாறினால் வரிசையும் மாறும்.

வரிசையைத் தீர்மானிக்க முதலில் அளக்க வேண்டும். கட்டடத்துக்குக் கட்டடம் தண்ணீர் மீற்றர், பன்னிரண்டு மாத மின்பட்டியல், ஒரு வாரக் குப்பை. குப்பையை வகை பிரித்துத் தராசில் வைக்க வேண்டும், கண்மதிப்பு போதாது. வகுப்பு மாணவர்களுடன் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் எல்லோரும் பிளாஸ்டிக்தான் கூட என்று பந்தயம் கட்டினார்கள். தராசோ சாப்பாட்டு மிச்சத்தின் பக்கம் சாய்ந்தது. நாட்டின் நகரக் குப்பையிலும் பாதிக்கு மேல் உக்கக்கூடியதே. காற்றுப் படாமல் புதைந்து அழுகும்போது மெதேன் வாயுவையும் நிலத்தடி நீரைக் கெடுக்கும் கழிவு நீரையும் தருவது அந்தப் பாதிதான். விடுதிச் சமையலறையிலேயே அதைப் பிரித்து உயிர்வாயுவோ கூட்டெருவோ ஆக்கினால் வெளியே போகும் லொறிகளின் எண்ணிக்கை அப்படியே குறையும்.

அளந்த பின்னர் ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்க வேண்டியவை சில. இதனால் பாதிக்கப்படுவது யார்? வளாகத்துக்குள்ளா, எம்மைப் போல வளாகத்தை ஒருநாளும் பார்த்திராதவர்களா? இதைத் திருத்தும் அதிகாரம் உபவேந்தரின் கையிலேயே உள்ளதா, அமைச்சுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டுமா? கையில் உள்ளதை முதலில் தொட வேண்டும். உதாரணமாக, பொலித்தீன் லஞ்ச் சீட் 2017 செப்டெம்பரிலேயே தடை செய்யப்பட்டது. சிற்றுண்டிச்சாலைக் குத்தகை ஒப்பந்தத்தில் அதை ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது நூறு சுவரொட்டிகளை விடப் பலமானது. அதற்குச் செலவுமில்லை. பள்ளிவாசல் உள்ள வளாகங்களில் வுழுச் செய்த தண்ணீர் சவர்க்காரம் கலக்காதது. ஒரு குழாயைத் திருப்பிவிட்டால் ஜூன் 5இல் நட்ட அந்த மரக்கன்றுகள் பிழைக்கும். கூரைச் சூரியப்படலுக்குப் பெருந்தொகை வேண்டும், ஆகவே வீண் பாவனையை முதலில் குறைத்து, மிஞ்சிய தேவைக்கு ஏற்றதைப் பொருத்துவதே சிக்கனம்.

வருடத்துக்கு இரண்டு அல்லது மூன்று வேலைகள் போதும். இருபது இலக்குகளுடன் அச்சிட்ட பளபளப்பான கொள்கை நூல்கள் அலுமாரியில் தூங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு வேலைக்கும் பொறுப்பாக ஓர் அதிகாரியின் பெயர், ஒரு திகதி, மாதாந்தம் அறிவித்தற் பலகையில் ஓர் எண் இருக்க வேண்டும். சுத்திகரிப்புத் தொழிலாளர்களையும் அந்தக் குழுவில் சேர்க்க வேண்டும், எந்தத் தொட்டி எப்போது நிரம்புகிறது என்பதைப் பேராசிரியர்களை விட அவர்கள் நன்கறிவார்கள்.

புத்தளத்திலிருந்து போய்ப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் எமது பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதிக் குப்பை எந்த லொறியில், எங்கே போகிறது என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்துக்குள் அரச பல்கலைக்கழகங்களும் அடங்கும். பதில் வந்தால் ஊருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.