வீட்டில் தேவையற்ற பொருட்களைக் களைதல்

வீட்டில் தேவையற்ற பொருட்களைக் களைதல் என்பது, பயன்படாத, பழுதடைந்த அல்லது அளவுக்கு மீறிச் சேர்ந்த பொருட்களைப் பிரித்தெடுத்து அகற்றி, எஞ்சியவற்றுக்கு உரிய இடம் ஒதுக்கும் செயலாகும். இது பெருக்கித் துடைக்கும் தூய்மைப் பணியிலிருந்து வேறுபட்டது. பொருட்களைப் பெட்டிகளில் அடுக்கி வைப்பதும் களைதல் ஆகாது. அடுக்கும்போது பொருளின் இடம் மாறுகிறது. களையும்போது அதன் அளவு குறைகிறது.

இச்செயல் மனத்துக்கு அமைதி தருவதோடு உடல் எடையையும் குறைக்கும் என்ற கருத்து அண்மைக் காலத்தில் பரவலாகப் பேசப்படுகிறது. மனநலத்தைப் பற்றிய பகுதிக்கு ஆய்வுச் சான்றுகள் ஓரளவு உள்ளன. எடையைப் பற்றிய பகுதி மறைமுகமானது. அதை மிகைப்படுத்தாமல் புரிந்துகொள்வது நல்லது.

பின்னணி

பழைய பொருட்களைக் கழிக்கும் வழக்கம் பல பண்பாடுகளில் உண்டு. தமிழர்கள் தைப் பொங்கலுக்கு முந்தைய நாளான போகியன்று வீட்டைத் தூய்மை செய்து, பழைய பாய், துடைப்பம் போன்றவற்றை அகற்றுகின்றனர். சப்பானியர் ஆண்டு முடிவில் 'ஓசோஜி' எனப்படும் பெருந்துப்புரவை மேற்கொள்கின்றனர்.

இன்றைய நூல்கள் இதை ஒரு வாழ்க்கை முறையாகவே முன்வைக்கின்றன. சப்பானைச் சேர்ந்த மாரி கோண்டோவின் நூல் 2014இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் விற்பனையானது. அமெரிக்காவில் பணியாற்றிய ஆசுத்திரேலியரான பீட்டர் வால்சு, வீட்டில் சேரும் பொருட்களையும் உடல் பருமனையும் இணைத்து 2008, 2015 ஆகிய ஆண்டுகளில் நூல்கள் எழுதினார். எடை பற்றிய கருத்து பரவியதில் இந்நூல்களுக்குப் பங்குண்டு.

பொருட்கள் சேர்வதற்கான காரணங்கள்

பொருள் மலிவாகக் கிடைப்பதும், தள்ளுபடியைக் கண்டு தேவைக்கு மேல் வாங்குவதும் வெளிப்படையான காரணங்கள். தமிழ் வீடுகளில் திருமணச் சீர், புதுமனை புகுவிழா அன்பளிப்பு என வந்துசேரும் பாத்திரங்கள் பரணில் பல ஆண்டுகள் கிடப்பதுண்டு.

இதற்கு உளவியல் காரணமும் உண்டு. தம்மிடம் இருக்கும் பொருளுக்கு மக்கள் கூடுதல் மதிப்புத் தருவர். இதை 'உடைமை விளைவு' எனலாம். டேனியல் கானமன், சாக் நெட்சு, ரிச்சர்டு தேலர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பகுதியினருக்குக் காப்பிக் குவளைகள் கொடுக்கப்பட்டன. குவளை பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, மற்றவர்கள் வாங்கக் கொடுக்க முன்வந்த விலையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இருந்தது. சற்றுமுன் கைக்கு வந்த குவளையையே விட மனம் தயங்குமானால், பல ஆண்டுகள் உடனிருந்த பொருளைக் கழிப்பது கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

மனநலத்தில் விளைவு

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாசு ஏஞ்சலசு வளாக ஆய்வாளர்கள் 2001 முதல் 2005 வரை அந்நகரில் பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் 32 நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளை ஆராய்ந்தனர். அவர்களின் கார் கொட்டகைகளில் நான்கில் மூன்று, கார் நிறுத்த இடமின்றிப் பொருட்களால் நிறைந்திருந்தன.

இத்திட்டத்தின் பகுதியாக டார்பி சாக்சுபீ, ரெனா ரெப்பெட்டி ஆகியோர் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஆய்வில் பங்கேற்றவர்கள் தம் வீட்டைச் சுற்றிக் காட்டியபடி பேசியது ஒளிப்பதிவு செய்யப்பட்டது. அவர்கள் பயன்படுத்திய சொற்களும், அவர்களின் உமிழ்நீரில் இருந்த கார்ட்டிசோல் அளவும் ஒப்பிடப்பட்டன. கார்ட்டிசோல் என்பது மன அழுத்தத்துடன் தொடர்புடைய இயக்குநீர். அது இயல்பாகக் காலையில் உயர்ந்து மாலைக்குள் குறையும். வீடு பொருட்களால் அடைந்து கிடப்பதாகவும் வேலைகள் முடியாமல் இருப்பதாகவும் பேசிய பெண்களிடம் இந்த இறக்கம் குறைவாகவே காணப்பட்டது. பகல் செல்லச் செல்ல அவர்களின் மனச்சோர்வும் கூடியது. கணவர்களிடம் இத்தொடர்பு அவ்வளவு தெளிவாக இல்லை.

இம்முடிவு களைதலைப் பற்றி மட்டும் பேசுவதாகக் கொள்ள முடியாது. ஒரே வீட்டில் ஒரே பொருட்களுக்கிடையே இருவர் வாழ்ந்தும், அவற்றின் சுமை மனைவியிடமே அதிகம் தென்பட்டது. வீட்டை ஒழுங்காக வைப்பது பெண்ணின் பொறுப்பு என்ற எதிர்பார்ப்பு இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

உடல் எடையுடன் தொடர்பு

லென்னி வார்ட்டேனியன், கிரிசுட்டின் கெர்னன், பிரையன் வான்சிங்கு ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 98 கல்லூரி மாணவிகள் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் ஒழுங்கான சமையலறையிலும், மற்றவர்கள் தாள்களும் அழுக்குப் பாத்திரங்களும் சிதறி, இரைச்சல் நிறைந்த சமையலறையிலும் அமர்த்தப்பட்டனர். வாழ்க்கை தம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு தருணத்தைப் பற்றிச் சிலர் எழுதினர்; கட்டுப்பாட்டில் இருந்த தருணத்தைப் பற்றிச் சிலர் எழுதினர். பின்னர் இனிப்பு பிசுக்கோத்து, உப்பு பிசுக்கோத்து, கேரட் ஆகியவை வழங்கப்பட்டன. குழப்பமான சமையலறையில் முதல் வகையினர் சராசரியாக 103 கிலோகலோரி அளவுக்கு இனிப்பு பிசுக்கோத்து உண்டனர். இரண்டாம் வகையினர் உண்டது 38 கிலோகலோரி மட்டுமே. மற்ற இரு உணவுகளில் சமையலறையின் நிலையால் வேறுபாடு ஏற்படவில்லை.

ஒழுங்கற்ற இடத்தில் இருந்தும், மனக்கட்டுப்பாட்டை நினைவில் கொண்டவர்கள் குறைவாகவே உண்டனர் என்பது இங்குக் கவனிக்கத்தக்கது. இவ்வாய்வை ஏற்பதில் எச்சரிக்கையும் தேவை. ஆய்வாளர்களில் ஒருவரான வான்சிங்கு கல்வி ஒழுங்கு மீறலில் ஈடுபட்டதாகக் கார்னெல் பல்கலைக்கழகம் 2018இல் அறிவித்தது. அவருடைய வேறு பல கட்டுரைகளை ஆய்விதழ்கள் திரும்பப் பெற்றுக்கொண்டன.

மினசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்லீன் வோசும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இருபுறமும் காட்டுகிறது. ஒழுங்கான அறையில் இருந்தவர்கள் இனிப்பைவிட ஆப்பிளை அதிகம் தேர்ந்தெடுத்தனர். ஒழுங்கற்ற அறையில் இருந்தவர்கள் புதுமையான எண்ணங்களை அதிகம் தந்தனர்.

இவை அனைத்தும் சிறிது நேர நடத்தையை அளந்தவை. வீட்டைக் களைந்ததால் ஒருவரின் எடை இத்தனை கிலோ குறையும் என்று இவற்றிலிருந்து முடிவு செய்ய இயலாது.

களையும் வேலையே உடற்பயிற்சி ஆகுமா என்ற கேள்விக்கு எளிய கணக்கு உதவும். 60 கிலோ எடையுள்ளவர் மிதமான வீட்டு வேலையை ஒரு மணி நேரம் செய்தால் ஏறத்தாழ 180 கிலோகலோரி செலவாகும். சும்மா இருந்தாலே 60 செலவாகியிருக்கும். எனவே கூடுதல் செலவு 120 மட்டுமே. இது இரண்டு மூன்று இட்லிகளின் ஆற்றலுக்குச் சமம். உலக நலவாழ்வு அமைப்பு பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. வீட்டு வேலை அதில் ஒரு பகுதியை நிறைவு செய்யலாம்.

உறுதியான பிற நன்மைகள்

- நடைவழியில் கிடக்கும் பொருட்களை அகற்றினால் முதியோர் தடுக்கி விழும் வாய்ப்பு குறைகிறது.
- தூசி தங்கும் இடங்கள் குறைவதால் தூசி ஒவ்வாமை உள்ளோர்க்கு நன்மை உண்டு.
- பழைய டயர், உடைந்த வாளி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் மழைநீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு வளர்கிறது. அது முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே கொல்லைப்புறத்தையும் மொட்டை மாடியையும் வாரம் ஒருமுறை பார்ப்பது நோய்த்தடுப்பு ஆகும்.

செய்யும் முறை

வீடு முழுவதையும் ஒரே நாளில் கலைத்துப் போட்டால் பாதியில் சோர்வு வரும். ஓர் அலமாரி அல்லது ஓர் இழுப்பறை எனச் சிறிதாகத் தொடங்குவது ஏற்றது. எடுத்த பொருட்களை வைத்துக்கொள்வது, பிறருக்குத் தருவது, பழைய சாமான் கடைக்குப் போடுவது, குப்பையில் சேர்ப்பது என நான்காகப் பிரிக்கலாம்.

உணவுப் பழக்கத்தை மாற்ற விரும்புவோர் சமையலறையில் தொடங்குவது பொருத்தம். காலாவதியான பொடிகளையும் வண்டு பிடித்த பருப்பையும் அகற்றி, சமையல் மேடையில் காய் நறுக்க இடம் விட வேண்டும். இடமில்லாத மேடையில் சமைப்பது சலிப்பைத் தரும். சலிப்பு கடை உணவை நாட வைக்கும். முறுக்கு, மிக்சர் போன்றவற்றைக் கண்ணில் படாத, எளிதில் எட்டாத இடத்தில் வைத்து, பழங்களை எதிரே வைக்கலாம். உணவை எட்டத்தில் வைப்பது உண்ணும் அளவைக் குறைக்கக்கூடும் என 2019இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் கூறுகிறது. ஆனால் சான்றின் உறுதி குறைவு என்பதையும் அது சுட்டுகிறது.

பிறருடைய பொருளை அவர் அறியாமல் கழிக்கக் கூடாது. பேரனுக்குக் குப்பையாகத் தெரியும் பழைய வெற்றிலைப் பெட்டி, பாட்டிக்குத் தாய்வீட்டு நினைவாக இருக்கலாம்.

கழித்த பொருட்களை எரிப்பதும் தவறு. 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து வானூர்திப் போக்குவரத்தைப் பாதித்தன. நெகிழியும் டயரும் எரியும் புகை நச்சுத்தன்மை உடையது. மின்னணுக் கழிவு, மின்கலம், காலாவதியான மருந்து ஆகியவற்றைத் தனியே பிரித்துக் கொடுக்க வேண்டும்.

பொருள் குவிப்புக் கோளாறு

எதையும் கழிக்க இயலாமல், அறைகளில் புழங்கவே முடியாத அளவுக்குப் பொருட்களைச் சேர்ப்பது சோம்பல் அன்று. அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கம் 2013இல் இதைத் தனி உளநலக் கோளாறாக வகைப்படுத்தியது. வீட்டார் வலிந்து பொருட்களை அகற்றினால் அவருடைய துயரம் மிகும். பொருட்களும் மீண்டும் சேரும். இத்தகையோருக்குக் கண்டிப்பைவிட உளநல மருத்துவரின் உதவியே தேவை. அறிதல் நடத்தைச் சிகிச்சை இதற்குப் பயன்படுகிறது.

மற்றவர்களுக்குக் களைதல் ஒரு நல்ல பழக்கம்; எடைக் குறைப்புக்கான மருந்து அன்று. நடமாட இடம், சமைக்க வசதி, தேடாமல் கிடைக்கும் பொருள் என அது தரும் நன்மைகள் சிறியவை, ஆனால் அன்றாடம் உணரக்கூடியவை. வேலையைக் குடும்பத்தார் அனைவரும் பகிர்ந்து செய்தால், ஒருவர் மேல் விழும் சுமையும் அதனால் குறையும்.