நுண்படத்தில் வாழும் ஏடுகள்

மைக்ரோஃபிலிம் எனப்படும் நுண்படம், ஆவணப் பக்கங்களைப் பல மடங்கு சிறிதாக்கிப் பதியும் ஒளிப்படச் சுருள். 35 மி.மீ. அகலமும் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சுருளில் பல நூறு பக்கங்கள் அடங்கும். அதைப் படிக்க ஒரு விளக்கும் உருப்பெருக்கும் வில்லையும் போதும்.

திருகோணமலை போன்ற துறைமுகப் பட்டினங்களில் இதன் தேவை பெரிது. கோணேசர் கோயிலின் தொழும்புகளையும் வழமைகளையும் சொல்லும் ‘கோணேசர் கல்வெட்டு’ போன்ற நூல்கள், ஏட்டிலிருந்து ஏட்டுக்குப் படியெடுக்கப்பட்டே தலைமுறை கடந்து வந்தவை. கடற்காற்றின் ஈரத்தில் ஏட்டில் பூஞ்சணம் படரும், பூச்சி துளைக்கும், பழைய கடதாசி அமிலமேறிப் பழுத்து நொறுங்கும். ஒரே படி ஓரிடத்திலேயே இருந்தால் இழப்பு முழுமையாகிவிடும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களோடு அரிய ஏடுகளும் அழிந்தன.

படமெடுக்குமுன் ஏடுகளை மென்தூரிகையால் தூசு நீக்கி, வரிசைப்படுத்தி, விடுபட்டவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எழுத்து மங்கிய ஏட்டில் விளக்குக்கரி மை தடவித் துடைத்தால் கீறல்கள் தெளியும். பெயரும் அளவுகோலும் கொண்ட அட்டை முதற்படமாகும். மேலே பொருத்திய கமராவுக்கு இருபுறமும் சமமான ஒளி தேவை. எடுத்த படச்சுருளைக் கழுவும்போது ஹைப்போ என்னும் நிலைப்படுத்தும் உப்பு எஞ்சினால் வெள்ளிப் படிமம் காலப்போக்கில் மங்கிவிடும்.

ஒரு சுருளுக்கு மூன்று தலைமுறைகள் உண்டு: எவர் கையும் படாத மூலச்சுருள், அதிலிருந்து பிரதி எடுப்பதற்கான இடைச்சுருள், வாசகருக்கான பயன்பாட்டுச் சுருள். பொலியெஸ்டர் சுருளைச் செம்மையாகக் கழுவி, 21 பாகை செல்சியசுக்கும் 50 விழுக்காட்டு ஈரப்பதத்துக்கும் மேற்போகாமல் வைத்தால் 500 ஆண்டுகள் நிலைக்கும் என்பது துறையின் கணிப்பு. பழைய அசற்றேற்றுச் சுருளோ வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து வினாகிரி மணம் வீசும். இடைவிடாத குளிரூட்டலுக்கு வசதியற்ற சிறு காப்பகம், மூலச்சுருளைக் குளிரறையுள்ள பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்து, பயன்பாட்டுச் சுருளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்வதே நல்லது.

தமிழில் நுண்படக் காப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய நூல்களைக் கொண்டு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் உருவான அந்நூலகம், அவற்றை நுண்படமாக்குவதையே முதன்மைப் பணியாகக் கொண்டது.

இலங்கையில் 2005 முதல் நூலகம் திட்டம் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி வருகிறது. எண்ணிமப் படிவம் எல்லோரையும் எளிதில் எட்டும். ஆனால் கருவியும் கோப்பு வடிவமும் மாறுந்தோறும் அதையும் மாற்றிவர வேண்டும். நுண்படத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் எண்ணிமப் படிவம் எடுக்கலாம். ஆகவே இரண்டும் வெவ்வேறு ஊர்களில் இருப்பதே ஏட்டுக்கு உறுதியான காவல்.