பட்டத்திற்கு மேல் கணக்கியல் படிப்பு

சென்ற மாதம் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் புத்தகங்களைப் பார்வையிட்டுவிட்டு நாம் புறப்படும் சமயத்தில், முதிய அங்கத்தினர் ஒருவர் நம்மை நிறுத்திக் கேட்டார்: “ஐயா, என் மகள் பி.காம். தேறிவிட்டாள். மேலும் இரண்டு வருஷம் கணக்கே படிக்க வேண்டும் என்கிறாள். கூட்டல் கழித்தலுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு? தறியில் வரும் கூலியை நம்பி நான் கடன் வாங்கலாமா?”

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. நெசவாளர் வீட்டிலும் விவசாயி வீட்டிலும் முதல் பட்டதாரிகள் பெருகிவரும் இக்காலத்தில், பல பெற்றோர்களின் கேள்வி இதுவே. ஆகவே, அவருக்குக் கூறிய விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

கணக்கியல் என்பது நடந்ததைச் சரியாகப் பதிவு செய்து, அதன் பொருளை உணர்த்துவது. நிதியியல் என்பது இனி நடக்க வேண்டியதைப் பணத்தின் கண்கொண்டு ஆராய்வது. முதற்பட்டத்தில் பேரேடு எழுதவும் ஐந்தொகை தயாரிக்கவும் கற்கிறார்கள். மேற்படிப்பில் அந்த ஐந்தொகை என்ன சொல்கிறது, எதை மறைக்கிறது என்று கேட்கக் கற்கிறார்கள்.

ஓர் உதாரணம் கூறுவோம். ஒரு சங்கம் 1,000 சேலைகளைச் சேலை ஒன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் விற்கிறது. வரவு 10,00,000 ரூபாய். நூல், சாயம், கூலி முதலிய செலவு 9,00,000 ரூபாய். இலாபம் 1,00,000 ரூபாய் என்று கணக்கு காட்டும். அங்கத்தினர்களும் மகிழ்வார்கள். ஆனால், விற்றதில் 4,00,000 ரூபாய்ச் சரக்கு கடனுக்குப் போயிருந்தால், கைக்கு வந்தது 6,00,000 ரூபாயே. நூல்காரருக்கும் நெசவாளருக்கும் கொடுக்க வேண்டியதோ 9,00,000 ரூபாய். குறையும் 3,00,000 ரூபாய்க்கு வங்கியில் 10 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கி, பாக்கி வசூலாக ஒரு வருஷம் சென்றால், வட்டி 30,000 ரூபாய். இலாபம் 70,000 ரூபாயாகச் சுருங்கிவிடும். கடன் கிடைக்காவிட்டாலோ, கூலி நிற்கும். இலாபம் வேறு, ரொக்கம் வேறு என்பதே இதன் பாடம்.

நாமும் இதைப் பட்டம் பெற்ற மறுநாளே அறிந்துவிடவில்லை. உத்தியோகத்தின் ஆரம்பத்தில் ஒரு சங்கத்தின் ஏட்டில் இலாபத்தைக் கண்டு திருப்தியுடன் குறிப்பெழுதினோம். அதே ஏட்டில் கூலிப் பாக்கி மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்ததைக் கவனிக்கத் தவறினோம். அந்த வருஷம் தீபாவளிக்குப் பல வீடுகளில் கூலி போய்ச் சேரவில்லை. அந்த வெட்கமே நம்மை மேற்படிப்புக்குத் தூண்டியது.

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. 100 கிலோ மஞ்சள் இருக்கிறது. இன்றைய விலை கிலோ 100 ரூபாய். ஆறு மாதம் இருப்பு வைத்தால் 108 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 800 ரூபாய் ஆதாயம் என்று தோன்றும். எடை 3 கிலோ குறைந்தால், 97 கிலோவுக்குக் கிடைப்பது 10,476 ரூபாய். கிடங்கு வாடகை 200 ரூபாய். இன்று வரக்கூடிய 10,000 ரூபாய்க்கு ஆறு மாத வட்டி, 10 சதவீத வீதம், 500 ரூபாய். மிஞ்சுவது 9,776 ரூபாய். அதாவது, காத்திருந்ததனால் 224 ரூபாய் நஷ்டம்! இன்றைய ரூபாயும் ஆறு மாதம் கழித்து வரும் ரூபாயும் ஒன்றல்ல என்னும் இத்தத்துவமே நிதியியலின் அஸ்திவாரம்.

இனி, படிப்பின் வழிகளைப் பார்ப்போம்.

எம்.காம். இரண்டு வருஷப் படிப்பு. கல்லூரியில் ஆசிரியராக விரும்புவோர் இதன்பின் தேசிய அல்லது மாநிலத் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு, 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்றவை உதவுகின்றன. கூட்டுறவையே சிறப்புப் பாடமாகக் கொள்வோருக்குக் காந்திகிராமக் கிராமிய நிறுவனம் ஏற்றது.

பட்டயக் கணக்காளர் படிப்பு வேறு வகை. 1949-ஆம் வருஷச் சட்டத்தால் நிறுவப்பட்ட கழகம் இதனை நடத்துகிறது. வணிகப் பட்டதாரிகள் 55 சதவீத மதிப்பெண் பெற்றிருந்தால் இடைநிலையில் நேரே சேரலாம். 2023-இல் வந்த புதிய திட்டத்தின்படி, தணிக்கையாளர் ஒருவரிடம் இரண்டு வருஷம் நேர்முகப் பயிற்சி பெற வேண்டும். தேர்வு கடினமானது, பலர் பலமுறை எழுதியே தேறுகின்றனர். பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகை உண்டு. 1959-ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் அமைந்த அடக்கவிலைக் கணக்காளர் படிப்போ, ஒரு பொருளை உண்டாக்க உண்மையில் என்ன செலவாகிறது என்பதை ஆராய்வது. ஒரு சேலையின் அடக்கவிலை அறியாமல் விற்பனை விலை வைக்கும் சங்கங்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எம்.காம். பட்டம் மட்டும் பெற்றவர் கம்பெனிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்து சான்றளிக்க இயலாது. அவ்வுரிமை பட்டயக் கணக்காளருடையது. அவ்வாறே, கூட்டுறவு நிறுவன வேலைகளுக்குப் பட்டத்துடன் கூட்டுறவுப் பயிற்சியும் பொதுவாகக் கேட்கப்படுகிறது. எந்த வேலையை நாடுகிறோம் என்று முதலில் தீர்மானித்து, பிறகே படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளம்பரத்தைக் கண்டு பெருந்தொகை கட்டிவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

செலவைப் பற்றியும் ஒரு சொல். அரசுக் கல்லூரியில் எம்.காம். கட்டணம் தனியார் கல்லூரியைவிட மிகக் குறைவு. கல்விக் கடன் வேண்டுமெனில், பொதுத்துறை வங்கிகளில் 4 லட்ச ரூபாய் வரை வழக்கமாகச் சொத்து ஈடு கேட்பதில்லை. பெற்றோர் கூட்டாகக் கையொப்பமிட வேண்டும். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும் என்பதை மறக்கலாகாது. அதிக வட்டிக்குத் தனியாரிடம் வாங்குவதும், தறியை அடகு வைப்பதும் வேண்டாம்.

அப்பெரியவருக்கு நாம் முடிவாகக் கூறியது இதுதான்: “நம் சங்கத்தின் கடந்த மூன்று வருஷ ஐந்தொகைகளை மகளிடம் கொடுங்கள். அவற்றின் பொருளை உங்களுக்குப் புரியும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது அவளுக்கே புதிய கேள்விகள் பிறந்தால், தயங்காமல் அனுப்புங்கள்.”

பத்து நாள் கழித்து அவரிடமிருந்து தகவல் வந்தது. மகள் முழுவதையும் விளக்கவில்லையாம். ஆனால், “விற்காத சரக்கின் மதிப்பு மூன்று வருஷமாகக் கூடிக்கொண்டே போகிறதே, அது இன்னும் அந்த விலைக்குப் போகுமா?” என்று கேட்டாளாம்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் அந்த வினாவைத் தாமே எழுப்பப்போவதாக அவர் சொல்லியனுப்பியிருக்கிறார். மகளின் விண்ணப்பமும் கல்லூரிக்குச் சென்றுவிட்டது. நிர்வாகக் குழுவினர் விடையுடன் தயாராக இருப்பார்களாக!