திருப்புளி முனையில் ஓர் அளவு

1974 முதல் 1989 வரை ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் தயாரான போர்ஷே 911 காரில், எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. சுமார் 1,200 கிலோ எடையில் ஐந்தில் இரண்டு பங்குதான் முன்சக்கரங்களின் மேல் விழும். அதனால் அங்குள்ள பேரிங்குகளுக்கு வேலை குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது வெளிப்பக்க முன்சக்கரம் மேலிருந்து வரும் பாரத்தையும் தாங்க வேண்டும், பக்கவாட்டில் வரும் தள்ளலையும் தாங்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 840 முறை சுற்றிக்கொண்டே இதைச் செய்கிறது.

இந்த இரட்டை வேலைக்கென்றே பிறந்தது டேப்பர் ரோலர் பேரிங். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன் 1898-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாரம் ஏற்றிய வண்டி திரும்பும்போது பக்கவாட்டு அழுத்தத்தில் சக்கரங்கள் இறுகித் தேய்வது அவர் காலத்து வண்டிக்காரர்களின் தீராத தொல்லை. உருண்டைக்குப் பதிலாக ஒரு முனை பெருத்து, மறுமுனை சிறுத்த உருளைகளை அவர் சாய்வாக நிறுத்தினார். அந்த உருளைகள், உள்ளே இருக்கும் கோன், வெளியே இருக்கும் கப் ஆகியவற்றின் சாய்வுகளைக் கோடுகளாக நீட்டினால் எல்லாம் அச்சின் மேல் ஒரே புள்ளியில் போய்ச் சந்திக்கும். அதனால்தான் உருளை எந்த முனையிலும் வழுக்காமல், முழு நீளத்துக்கும் உருண்டே போகிறது. 911-இன் ஒவ்வொரு முன்சக்கரத்திலும் இப்படி இரண்டு பேரிங்குகள், உள்ளே பெரிது, வெளியே சிறிது. சிறுத்த முனைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருப்பதால், கார் எந்தப் பக்கம் திரும்பினாலும் தள்ளலை ஏற்க ஒன்று தயாராக நிற்கிறது. நம் நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரிகளின் சக்கரங்களிலும் இதே தத்துவம்தான், அளவு மட்டும் பெரிது.

பேரிங் போகும்போது முதலில் காதுக்குத் தெரியும். வேகத்தோடு கூடும் ஒரு ஊளைச் சத்தம். இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் கூடினால் வலச்சக்கரத்தைச் சந்தேகிக்கலாம், ஏனென்றால் அப்போது பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. டயர் சத்தமும் இதே மாதிரி ஏமாற்றும் என்பதால் சக்கரத்தைத் தூக்கிச் சோதித்தே ஆக வேண்டும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'கடக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் மேல் சந்தேகம் வலுக்கும். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் ஸ்டியரிங் மூட்டுகளைப் பாருங்கள். பிரேக் மிதி சில வளைவுகளுக்குப் பிறகு வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவதும் ஒரு குறிதான். தளர்ந்த ஹப் அசையும்போது டிஸ்க், பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

பேரிங் மாற்றுவது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் கை வைக்கக் கூடாது. சமதளத்தில் ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே தொடங்க வேண்டும். கேலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸில் பாரம் விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். கிரீஸ் மூடியைத் தட்டி எடுத்தால் நட்டு தெரியும். அது சாதாரண நட்டு இல்லை. ஓரிடத்தில் பிளந்து, குறுக்கே ஒரு ஆலன் போல்ட் போட்டு இறுக்கும் நட்டு. ஆலன் போல்ட்டைத் தளர்த்தினால் நட்டு எளிதாகவே சுழன்று வரும். பின்னாலேயே வாஷரும் வெளிப் பேரிங்கும் வரும். ஹப்பும் டிஸ்க்கும் ஒன்றாகக் கழன்றுவிடும்.

ஹப்புக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்கும் கப்களை எடுப்பதில்தான் பலர் சுத்தியலை நம்பி ஹப்பைக் கீறிவிடுகிறார்கள். ஹப் அலுமினியம், கப் எஃகு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். டிஸ்க்கைப் பிரித்து, பழைய கிரீஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஹப்பை 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை ஒரே சீராகச் சூடாக்கினால், பித்தளைத் தண்டால் இரண்டு தட்டிலேயே கப் வந்துவிடும். புதிய கப்பை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்திருந்தால் சூடான ஹப்புக்குள் அது தானாகவே இறங்கும். அடிவரை உட்கார்ந்ததா என்பதை மெல்லத் தட்டினால் வரும் சத்தமே சொல்லும். அதுவரை வெண்கலம் போல ஒலித்தது, அடியில் பட்டதும் கெட்டியாக ஒலிக்கும். கோனும் கப்பும் ஒரே பெட்டியிலிருந்து வந்தவையாக இருக்க வேண்டும். பழைய கப்பில் புதுக் கோனைப் போடுவது சிக்கனமே அல்ல.

கழற்றிய பேரிங்கைத் தூக்கியெறிவதற்கு முன் துடைத்துப் பாருங்கள். உருளையில் செதில் செதிலாக உரிந்திருந்தால் உலோகம் களைத்துவிட்டது. துருப் புள்ளிகள் இருந்தால் சீல் வழியே தண்ணீர் போயிருக்கிறது. நீலம் பாய்ந்திருந்தால், யாரோ முன்பு நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் அல்லது கிரீஸ் இல்லாமல் ஓடியிருக்கிறது. காரணம் தெரியாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். கழுவிய பேரிங்கைக் காற்றுக் குழாய் வைத்துச் சுழற்றவே கூடாது. உருளைகள் தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும்.

கிரீஸ் பூசுவதற்கும் திணிப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. டிஸ்க் பிரேக் சூட்டைத் தாங்கும் பேரிங் கிரீஸை உள்ளங்கையில் எடுத்து, பேரிங்கின் பெருத்த பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் பிதுங்கி வரும்வரை ஏற்ற வேண்டும். ஆனால் கிரீஸ் மூடியை நிரப்பி அடைக்க வேண்டாம். சூடேறினால் கிரீஸ் விரிய இடம் வேண்டும்.

இனிதான் இந்த வேலையின் உயிர்நாடி. நட்டை எவ்வளவு இறுக்குவது? சக்கர நட்டுக்கு 130 நியூட்டன் மீட்டர் என்று சொல்வது போல ஓர் எண் இதற்குப் போதாது. முதலில் ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்க வேண்டும். உருளைகள் தம் இடத்தில் படியும், நடுவில் சிக்கிய கிரீஸ் விலகும். பிறகு நட்டைத் தளர்த்திவிட்டு, மெல்ல மெல்ல மீண்டும் இறுக்க வேண்டும். நட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரைத் திருப்புளி முனையால் தள்ளிப் பார்க்க வேண்டும். ஹப்பில் முட்டுக்கொடுத்து நெம்பாமல், விரல் பலத்தால் மட்டும் வாஷர் பக்கவாட்டில் மயிரிழை நகர வேண்டும். நகரவில்லை என்றால் இறுக்கம் அதிகம், தாராளமாக நகர்ந்தால் தளர்வு அதிகம். ஆலன் போல்ட்டை இறுக்கும்போது அளவு சற்றே மாறும், எனவே இறுக்கிய பிறகும் ஒருமுறை தள்ளிப் பார்க்க வேண்டும்.

அந்த மயிரிழை இடைவெளி அவசியமானது. கார் ஓடிச் சூடேறும்போது ஹப்பும் அச்சும் வெவ்வேறு அளவில் விரிகின்றன. குளிர்ந்திருக்கும்போதே இறுக்கம் அதிகமாக இருந்தால் சூட்டில் உருளைகள் நெருக்குண்டு, கிரீஸ் கெட்டு, மேலும் சூடாகி, கடைசியில் பேரிங் அச்சோடு பற்றிக்கொள்ளும். தளர்ந்த பேரிங் சத்தம் போட்டு எச்சரிக்கும், இறுகிய பேரிங் சில வேளை சக்கரத்தையே பிடித்து நிறுத்திவிடும். அதனால் சந்தேகம் வரும்போது இறுக்கத்தின் பக்கம் சாயாமல் இருப்பதே என் தீர்ப்பு.

இன்றைய கார்களில் பேரிங் பெரும்பாலும் மூடி முத்திரையிட்ட ஒரே தொகுதியாக வருகிறது. மாட்டி, குறித்த எண்ணுக்கு இறுக்கினால் முடிந்தது. அது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் பழைய 911 வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை, அவருடைய விரலே அளவுகோல்.

முதல் ஓட்டத்துக்கு முன் பிரேக்கை நாலைந்து முறை மிதித்துப் பேடுகளைக் கொண்டுவந்து சேருங்கள். சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு ஹப்களையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் மேற்கொண்டு ஓட்டாமல் நட்டைத் திரும்பச் சரிபாருங்கள். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின், கார் நன்றாகக் குளிர்ந்த ஒரு காலையில் கிரீஸ் மூடியைத் திறந்து, வாஷரை இன்னொரு முறை தள்ளிப் பாருங்கள்.